எலெக்ட்ரோனிக் சாமான் விக்கிற கிளிநொச்சி, வவுனியா அண்ணாமாருக்கு, ஒரு வொலியூம் விசயமா

அண்ணாமாருக்கு வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம். ஓடாமக் கிடந்த பழைய ஓட்டோ ஒண்டுக்கு 48 வோல்ட் மோட்டர் பூட்டி யூரியா, விதைநெல்லு ஏத்துறதுக்கு ஒரு வண்டி செய்யிறன், பெரிய ரோட்டுக்கு இல்ல, வயல் பாதைக்கு மட்டும். பட்டறி இருக்கு, மோட்டரின்ர வேகத்தை கட்டுப்படுத்துற கொன்ட்ரோலர் இருக்கு, மாட்டுப்பட்டு நிக்கிறது அக்சிலேற்றர் பெடலுக்கு கீழ வைக்கிற சென்சரில.

கொன்ட்ரோலர் கேக்கிறது 5 கிலோ ஓம் பொட்டென்சியோமீற்றர். மூண்டு கால் இருக்கும், திருப்பத் திருப்ப தடை (ஓம்) மாறும், நீங்கள் வொலியூம் எண்டு சொல்லுற அதே சாமான்தான். ஒரு கடையில கேட்டனான், ரேடியோவுக்கு போடுறதை எடுத்து தந்து "எல்லாம் ஒண்டுதான் தம்பி" எண்டார். ஒண்டில்லை அண்ணை. அதில "ஏ" எண்டு அடிச்சிருந்தது, அது சத்தத்துக்கு செய்தது, பாதி திருப்பினாலும் 10, 15 வீதம்தான் ஏறும், மிச்சம் முழுக்க கடைசியில. காதுக்கு அது சரி, காலுக்கு சரிவராது. பெடலை பாதி மிதிக்க வண்டி அசையாது, இன்னும் கொஞ்சம் அழுத்த பாஞ்சு வரம்பில ஏறும். ஏறினது, ரெண்டு மூட்டை யூரியாவோட.

எங்களுக்கு வேணுமெண்டது "பி", நேரா ஏறுறது. பழைய ஐரோப்பிய சாமான்கள் சிலதில இந்த எழுத்தே மாறிக்கிடக்கும், அதால ஓம் அளக்கிற மீற்றர் வைச்சு பாக்கிறதுதான் நம்பிக்கை. நடுவில நிப்பாட்டி நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் அளந்தா கிட்டத்தட்ட 2.5 கிலோ ஓம் காட்டோணும்.

அடுத்தது புழுதி. பழைய ரேடியோவில வொலியூமை திருப்பேக்க கரகரக்கும் தானே, எங்கட கிரவல் பாதையில அதே கரகரப்பு வந்தா வண்டி துள்ளும். வாய் திறந்த மலிஞ்ச கார்பன் வொலியூமை ரேடியோவில நாளுக்கு ரெண்டு தரம் திருப்புவம், பெடல் மணிக்கு நூறு தரம் அதே துண்டை உரசும். மூடின, கொண்டக்டிவ் பிளாஸ்டிக் (கரண்ட் கடத்துற பிளாஸ்டிக்) தடம் உள்ளது விலை கூடத்தான், ஆனா லட்சக்கணக்கில உரசினாலும் தாங்கும்.

சுவிட்சிலயும் இதே கதை. பெடலை விட்டா மோட்டரை வெட்டுறதுக்கு மைக்ரோ சுவிட்ச் கேட்டா "15 அம்பியர், நல்ல ஸ்ட்ரோங்" எண்டு தாறியள். எனக்கு அதில ஓடுறது 5 வோல்டில சில மில்லி அம்பியர். பெரிய கரண்டுக்கு செய்த வெள்ளித் தொடுமுனையில சின்ன கரண்ட் படிஞ்ச ஊத்தையை எரிச்சு துப்புரவாக்காது, கொஞ்ச நாளில தொட்டும் தொடாம நிக்கும். இதுக்கு தங்கம் பூசின தொடுமுனை, மூடின சுவிட்ச் வேணும். (தங்கம் எண்டதும் நகைக்கடைக்கு போ எண்டு சிரிக்காதேங்கோ, ஒருத்தர் சிரிச்சவர்.)

வொலியூமின்ர நடுக்கால் வயர் அறுந்தா வண்டி பறக்கக் கூடாது எண்டு நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்டு போட்டிருக்கிறன், அது உங்களிட்டயே கிடைச்சது, நன்றி.

மிச்சத்துக்கு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு வரைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல பஸ்ஸில போறன், சாமான் விலையை விட பஸ் காசு கூட. நீங்கள் கொழும்புக்கு ஓடர் போடேக்க நல்லதில பத்து எடுங்கோ, மூண்டை நானே வாங்குறன், முற்காசும் தாறன். மீற்றர் என்னட்ட இருக்கு, மேசையில வைச்சு அளக்க மட்டும் விடுங்கோ.