காலை ஆறரைக்குப் பதிவு போடுகிறவனின் திறந்த மடல்

சமூக வலைத்தளங்களில் ஸ்பேம் கணக்குகளை, அதாவது மெஷின் ஓட்டுகிற, ஆளை ஏமாற்றுகிற போலிக் கணக்குகளை, கண்டுபிடித்துக் குறி போடும் கருவியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். குமுளியில், செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கணக்கை ஸ்பேம் என்று உங்கள் கருவி குறி போட்டது, நான் புகார் செய்தேன். உங்களுக்கு நான் ஒரு புகார் எண். சரியாகச் சொன்னால் மூன்று புகார் எண்கள். உங்கள் படிவம் ஐந்நூறு எழுத்துக்கு மேல் வாங்காது என்பதால் இப்படி வெளியில் எழுத வேண்டியதாகிவிட்டது.

என் கணக்கு என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலை 6 மணி நிலவரப்படி முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. ஆறரைக்கு இந்தப் பதிவு போகும். சாயங்காலம், புற்றடியிலோ போடியிலோ அன்றைக்கு நடந்த ஏலக்காய் ஏலத்தின் உச்ச விலை, சராசரி விலை. மழைக்காலமென்றால் நடுவில் இன்னொன்று: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றில் எந்த மலைப்பாதை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் தமிழில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை. எண் மாறும், வாக்கியம் மாறாது. ஏழு வருஷமாக அதே வாக்கியம்தான். நீர்மட்டத்தை எழுதுவதில் என்ன புதுமை காட்டச் சொல்கிறீர்கள்?

ஏன் குறி போட்டீர்கள் என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. இந்த மாதிரிக் கருவிகள் எதையெல்லாம் பார்க்கும் என்று நானே தேடிப் படித்தேன். தினமும் ஒரே நேரத்துக்குப் பதிவு. வார்த்தை மாறாத பதிவு. யாரோடும் பேச்சு வார்த்தை இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அணையின் படம். பெயரின் கடைசியில் எண். அந்த எண் 142. அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்த எண் தெரியும். உங்கள் கருவிக்கு அது ஏதோ மெஷின் ஒட்டிவிட்ட வால்.

மொழி இன்னொரு சிக்கல். ஒரு கணக்கை ஓட்டுவது ஆளா மெஷினா என்று மதிப்பெண் போட, இந்தியானா பல்கலைக்கழகத்தார் 2014-இல் கொண்டுவந்த பாட்ஆர்நாட் என்ற கருவி, பிற்பாடு பாட்டோமீட்டர் ஆனது, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அது எழுத்தைப் பார்த்துப் போடும் மதிப்பெண் ஆங்கிலத்துக்குத்தான் பொருந்தும் என்பதால், மற்ற மொழிக் கணக்குகளுக்கு மொழியைச் சேர்க்காத தனி மதிப்பெண் ஒன்றை அவர்கள் கொடுத்தார்கள். தங்கள் கருவிக்கு எது தெரியாது என்று அவர்களே சொன்னார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வரிகூடக் காணோம்.

ஸ்பேமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் குமுளி வழியாகத்தான் வண்டி வண்டியாகப் போவார்கள். ரூம் புக்கிங் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் கணக்குகள் அந்தச் சீசனில் ஈசல் மாதிரி வரும். ஏமாந்தவர்கள் என் கடையில் நின்றுதான் ஸ்க்ரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். அப்படிப்பட்டவற்றில் நாலைந்தை உங்கள் கருவி பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு நன்றி.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கணக்குகளில் 50 ஸ்பேம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவி நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்பேமில் 47 அல்லது 48 சிக்கும். மிச்சமுள்ள 950 நல்ல கணக்குகளில் நூற்றுக்கு 5 தப்பினால் அதுவும் 47 அல்லது 48. சிக்கியதில் பாதி என்னைப் போன்றவர்கள்! தொண்ணூற்றைந்து சதவீதம் என்று விளம்பரத்தில் போட்டால் யாருக்கும் இது தோன்றாது.

இங்கே ஏலக்காயை முதலில் சல்லடையில் விடுவார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது தனி ரகம், நல்ல விலை. ஆனால் சல்லடைக்கு அளவு மட்டும்தான் தெரியும். வெடித்த காயும் நிறம் போன காயும் பருமனாக இருந்தால் மேலேயே நின்றுவிடும். அதனால் அப்புறம் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவார்கள். உங்களிடம் பொறுக்குகிற ஆள் எத்தனை பேர்? அதில் தமிழோ மலையாளமோ படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது உண்டா?

கேட்கக் காரணம் இருக்கிறது. என் முதல் புகாருக்கு ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்தது. இரண்டாவதுக்கு, மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட்டோம், மாற்றமில்லை என்று வந்தது. அதே கருவியிடம் அதே கேள்வியைக் கேட்டால் வேறு என்ன சொல்லும்? மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. இருபத்து மூன்றாம் நாள் பார்த்தால் குறி காணாமல் போயிருந்தது. ஏன் போட்டீர்கள் என்பதும் தெரியாது, ஏன் எடுத்தீர்கள் என்பதும் தெரியாது.

எடுத்ததோடு முடிந்ததா என்றால் இல்லை. உங்கள் பட்டியலை வாங்கி அப்படியே தங்கள் தடைப் பட்டியலில் ஒட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஜீப் ஓட்டுநர்களும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் இருக்கும் பெரிய குழு ஒன்றின் நிர்வாகியும் அதில் ஒருவர். நீங்கள் குறியை எடுத்த பின்னும் அங்கே என் பதிவு தெரியவில்லை. ஆடி மழையில் ஒரு விடியற்காலை குமுளி மலைப்பாதையில் மரம் விழுந்தது. ஐந்தரைக்கே போட்டுவிட்டேன். அந்தக் குழுவில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கம்பத்திலிருந்து கிளம்பிய ஜீப்புகள் மலையடிவாரத்து லோயர்கேம்ப் வரை வந்து நின்றன. என் பெரியம்மா தூக்குவாளியோடு அதில் ஒன்றில் இருந்தார். கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப் போக நேரமில்லாமல் திரும்பிவிட்டார்கள். ஒரு நாள் கூலி போயிற்று. "ஏன்டா, ரோடு அடைச்சிருக்குன்னு நீ போடவே இல்லையா?" என்று கேட்டார். போட்டேன் பெரியம்மா, என்னை மெஷின் என்று நினைத்து மறைத்துவிட்டார்கள் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

இதைப் பற்றிக் கேட்டபோது, மற்றவர்கள் வைத்திருக்கும் பட்டியலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதினீர்கள். பட்டியலைக் கொடுத்தது நீங்கள்தானே. கொடுத்த வழியிலேயே திருத்தத்தையும் அனுப்ப முடியும். வாங்கியவர் கேட்காவிட்டாலும் அனுப்பத்தான் வேண்டும்.

புகார் செய்தவர்களை எண்ணித் தீர்ப்புச் சொல்வதையும் விடுங்கள். 2021 அக்டோபரில் அணையைச் செயலிழக்கச் செய்யச் சொல்லி ஒரு ஹேஷ்டேக் கேரளத்தில் பெரிதாகப் பரவியது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பதில்களும் பறந்தன. அந்த நாட்களில் நீர்மட்டம் ஏறியதைப் போட்டால் பீதியைக் கிளப்புகிறான் என்று ஒரு கூட்டம் புகார் செய்தது. இறங்கியதைப் போட்டால் உண்மையை மறைக்கிறான் என்று இன்னொரு கூட்டம். நூறு பேர் புகார் செய்தார்கள் என்பதற்கு, நூறு பேருக்குக் கோபம் என்பதற்கு மேல் அர்த்தமில்லை.

ஸ்பேம்காரனும் முறையிடுவான், காரணத்தைச் சொன்னால் அடுத்த முறை தப்பித்துக்கொள்வான் என்பீர்கள். நியாயம்தான். முழுச் சூத்திரத்தையும் நான் கேட்கவில்லை. பதிவின் நேரமா, பெயரா, வாக்கியமா என்று ஒரு வார்த்தை போதும். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், புகார் வந்தால் 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் தீர்வு என்று தளங்களுக்குச் சொன்னது. 50 லட்சம் பயனாளர்களுக்கு மேல் உள்ள தளமென்றால், தானாக ஒன்றை நீக்கும்போது காரணம் சொல்ல வேண்டும், மறுக்க வாய்ப்பும் தர வேண்டும். நீங்கள் தளம் இல்லை, வெறும் கருவி, விதி உங்களைக் கட்டாது. சரி. அளவுகோலாக வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லையே. புகார் நிலுவையில் இருக்கும் வரை அந்தக் குறிக்குப் பக்கத்தில் "மறுக்கப்பட்டுள்ளது" என்றாவது போடுங்கள். பெரியம்மாவின் ஜீப் ஓட்டுநர் அதைப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு போன் அடித்திருப்பார்.

அப்புறம் ஒன்று. கம்பத்தில் பன்னீர் திராட்சையின் அன்றாட விலை போடும் தம்பி ஒருவனுக்குப் போன வாரம் குறி போட்டிருக்கிறீர்கள். அவனும் என்னைப் போலத்தான், தினமும் ஒரே வாக்கியம். புகார் போட்டு எட்டு நாளாகிறது, ஒப்புகைகூட வரவில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்தது என் கடையில்தான், எண்ணை உங்கள் முகவரிக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்த முறை தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
குமுளி ஜெராக்ஸ் கடைக்காரன்