பெயர் மாற்றக் கட்டணத்தை எழுத்தில் கொடுங்கள்

கொடைக்கானலில் டைம்ஷேர் விடுதி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் இந்த ஊரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். மனை, வீடு, தோட்டம் என்று எது கைமாறினாலும் என்னிடம் வருவார்கள். உங்கள் உறுப்பினர்களும் வருகிறார்கள். "வருஷத்துக்கு ஒரு வாரம் இங்கே எங்களுக்கு ரூம் உண்டு சார். மச்சினருக்கு விற்கிறோம், ஒரு பத்திரம் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். காகிதத்தை வாங்கிப் பார்த்தால் அது கிரயப் பத்திரமாக இருக்காது. வருஷத்துக்கு ஒரு வாரம் வீதம் 25 வருடம் தங்கிக்கொள்ளும் உரிமைக்கான, டைம்ஷேர் எனப்படும் உறுப்பினர் ஒப்பந்தமாக இருக்கும். அதில் சார்பதிவாளருக்கு வேலை இல்லை. பெயர் மாற்றுவது முழுக்க உங்கள் கையில். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நிலம் விற்கிறவர் வீட்டிலிருந்தே செலவைக் கணக்குப் போட்டுவிடலாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது. வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறை இணையதளம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? "நிறுவனம் அவ்வப்போது நிர்ணயிக்கும் கட்டணத்துக்கு உட்பட்டு" என்று ஒரு வரி. தொகை கிடையாது, கெடு கிடையாது.

மதுரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் தவறிவிட்டார், தனியாக மலையேறி வந்து தங்க அவருக்கு மனமில்லை, விற்றுவிட நினைத்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் அசல் வேறு, நகல் வேறு என்று கிளிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முதலில் அவர் பெயருக்கு மாற்ற ஒரு கட்டணம், அப்புறம் வாங்குகிறவர் பெயருக்கு மாற்ற இன்னொரு கட்டணம் என்றார்கள் உங்கள் அலுவலகத்தில். அதற்கும் முன்னால், கணவர் படுக்கையில் கிடந்த வருடங்களில் கட்டாமல் விட்ட வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணப் பாக்கியை வட்டியோடும் ஜிஎஸ்டியோடும் கட்ட வேண்டுமாம். இதெல்லாம் ஒரே நாளில் சொல்லப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு போனில் வந்தது; எழுத்தில் எதுவும் வரவில்லை. முன்பணம் கொடுத்திருந்தவர் பயந்துபோய்த் திருப்பிக் கேட்டார். அந்த அம்மாவும் கொடுத்துவிட்டார்.

பராமரிப்புக் கட்டணமே கூடாது என்று சொல்லவில்லை. இந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். தொகையை மறைத்து வைப்பதுதான் தவறு. நீங்கள் சொல்லாததால் மோசடிக்காரர்களுக்குத்தான் லாபம். "வாங்க ஆள் தயார், டிரான்ஸ்ஃபர் ஃபீஸை மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று போன் வந்தால், உண்மையான கட்டணம் தெரியாதவர் அவர்கள் சொல்லும் எந்தத் தொகையையும் நம்பித்தானே ஆக வேண்டும்?

அமெரிக்காவில் பல டைம்ஷேர்கள் பத்திரத்தோடே விற்கப்படுகின்றன. அங்கே கைமாற்றம் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் பதிவாகும். அதற்கு முன்பே பாக்கி எவ்வளவு என்று விடுதியிடம் எழுதி வாங்கிவிடுவது வழக்கம். அந்த வழக்கம் இங்கேயும் வரட்டும்.

பெயர் மாற்றக் கட்டணத்தை ரூபாயில் ஒப்பந்தத்திலேயே போடுங்கள். உயர்த்தினால் அந்த வருடப் பராமரிப்பு பில்லில் அச்சிடுங்கள். உறுப்பினர் கேட்ட 15 நாளுக்குள் ஒரு கடிதம் கொடுங்கள். பாக்கி எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம் மிச்சம், கிடைப்பது மே மாத சீசன் வாரமா மழைக்கால வாரமா, இந்த வருட வாரம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதா, புதியவருக்கு எந்தச் சலுகை கிடைக்காது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இறந்தவரின் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றக் கட்டணமே வாங்காதீர்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களுக்கு அதையும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆனால் ஒரு வார விடுமுறைக்காக யாரும் வழக்கு நடத்த விரும்புவதில்லை. நீங்கள் ஒரு தாள் கொடுத்தால் போதும். அதற்குப் படிவம் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
கொடைக்கானல்