சாவு வீட்டை முன்னின்று நடத்தும் பெரியவர்களுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பாமார்களே, மாமன்மார்களே, பங்காளிகளே, வணக்கம்.

சேலத்தில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள் நீங்கள். இரவு இரண்டு மணிக்குத் தகவல் சொன்னாலும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு வருகிறீர்கள். குளிர்பெட்டிக்கு யாரைக் கேட்பது, சாமியானாவை எந்தப் பக்கம் போடுவது, பாடைக்கு மூங்கில் எங்கே கிடைக்கும் என்று எதுவும் தெரியாமல் அழுதுகொண்டிருக்கும் வீட்டில், நீங்கள் வந்த பிறகுதான் காரியம் நடக்கத் தொடங்குகிறது. என் அப்பா இறந்தபோது எங்கள் கையில் பணம் இல்லை. உங்களில் ஒருவர்தான் செலவு முழுவதையும் தன் கையிலிருந்து போட்டார். கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கணக்கைச் சொன்னார். அந்த நன்றி என் வாழ்நாள் முழுவதும் இருக்கும். ஆனாலும் இந்த மடலைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

என் அம்மா ஏற்காட்டுக்காரர். நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் அம்மாயியும் தாத்தாவும் கூலி வேலை பார்த்தார்கள். பதினெட்டு வயதில் கன்னங்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு அம்மா மலையிறங்கினார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனார். ஆண் குழந்தை. மூன்று மாதம்தான் இருந்தது, காய்ச்சலில் போய்விட்டது. குழந்தைகளை எரிக்கும் வழக்கம் இல்லையே, அங்கேயே ஊர் மயானத்தின் ஓரத்தில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே புதைத்தார்கள். எனக்கு மூத்தவன். அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்பதுகூட எனக்கும் தம்பிக்கும் தெரியாது. அம்மா கடைசிவரை 'மேலே இருக்கிறவன்' என்றுதான் சொன்னார்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை நன்றாகத் தெரியும். இருட்டிய பிறகு மலைப்பாதையில் ஏறும் வண்டிகளின் வெளிச்சம் ஒரு வளைவில் தோன்றும், மறையும், கொஞ்ச நேரம் கழித்து அதற்கு மேலே இன்னொரு வளைவில் தோன்றும். வடகத் துணியைச் சுருட்ட மாடிக்கு வரும்போதெல்லாம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னை எரிக்க வேண்டாம். மேலே கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்துவிடு. அவனைத் தனியாக விட்டுவிட்டு வந்து ஐம்பது வருடம் ஆகிறது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விளக்கு வைக்கிற நேரத்தில் அச்சானியமாகப் பேசாதீர்கள், அம்மா" என்றேன். அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். அந்தக் குற்றம் என்னுடையது.

மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை அம்மா இறந்தார். ஆறு மணிக்கு வாசலில் சாமியானா. ஏழு மணிக்கு உங்களில் ஒருவர் போனில் பேசி, எரிவாயு தகன மேடையில் பிற்பகல் ஒரு மணிக்கு நேரம் வாங்கிவிட்டார். எட்டு மணிக்கு நான் வெளியே வந்து அம்மாவின் ஆசையைச் சொன்னேன். நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தீர்கள். "கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த ஊரில் கொண்டுபோய்ப் புதைத்தால் ஊர் என்ன பேசும்?" என்றார் ஒருவர். "இருபது கொண்டை ஊசி வளைவு, பிணத்தை வைத்துக்கொண்டு யார் ஏறுவது?" என்றார் இன்னொருவர். "நம் வழக்கத்தில் இல்லை" என்று மூத்தவர் பேச்சை முடித்துவிட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அப்பா போன பிறகு அவனுக்கு நீங்கள்தான் அப்பா. உங்களை எதிர்த்துப் பேச அவனால் முடியாது.

பத்து மணிக்கு மலையிலிருந்து மாமா வந்தார். மஞ்சள் பையில் பிறந்த வீட்டுக் கோடி. அம்மாவின் மேல் சேலையைப் போர்த்தியபோது அவருடைய கைகளைப் பார்த்தேன். நகக்கண்களில் செம்மண் அப்பியிருந்தது. முழங்கை வரை உண்ணிமுள் கீறிய கோடுகள், இரண்டு இடத்தில் இரத்தம் இன்னும் காயவில்லை. அம்மா தன் ஆசையை அவரிடமும் சொல்லி வைத்திருந்தார். செய்தி கேட்டதும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போய், குழந்தையைப் புதைத்த இடத்தைச் சுற்றி மண்டிக் கிடந்த புதரை வெட்டி ஒதுக்கியிருக்கிறார். குழி தோண்ட இரண்டு ஆட்களையும் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். இதை அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் முகங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். பெண் கொடுத்த வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்று வளர்ந்த மனிதர். பதினாறாம் நாள் பஸ் ஏறும்போதுதான் என்னிடம் சொன்னார்.

பெண்களுக்குத் தெருமுனை வரைதான் வழி. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள், வாய்க்கரிசி போட்டோம், சங்கும் சேகண்டியும் தெருவைத் தாண்டிப் போயின. மாலையில் தம்பி ஒரு சிறிய மண்கலயத்தோடு திரும்பினான். மறுநாள் பவானி கூடுதுறையில் கரைத்தார்கள். ஒரு பிடி சாம்பலாவது மலைக்குக் கொடுங்கள் என்று மாமா கேட்டிருக்கிறார். அஸ்தியைப் பிரிக்கக் கூடாது என்று அதற்கும் உங்களில் ஒருவர் பதில் வைத்திருந்தார்.

வழக்கம் என்று சொன்னீர்கள். நம் தாத்தாவையும் அவருடைய அண்ணன் தம்பிகளையும் புதைத்தது உங்களுக்கு நினைவில்லையா? உங்களில் சிலர் குழிக்குள் மூன்று பிடி மண் தள்ளியவர்கள். பிறகு மயானத்தில் இடம் குறைந்தது. எரிவாயு மேடை வந்தது. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் காரியம் முடிந்து அன்றே சாம்பல் கைக்கு வருகிறது. எரிக்கத் தொடங்கினோம். பால் தெளிப்பதையும் அன்றைக்கே முடித்துக்கொள்கிறோம். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுமுறை இல்லை என்று பதினாறாம் நாள் கருமாதியை ஞாயிற்றுக்கிழமை பார்த்து முன்னால் தள்ளுகிறோம். இடத்துக்காகவும் விடுமுறைக்காகவும் வளைந்து கொடுத்த வழக்கம், செத்துப்போனவருடைய ஒரு வார்த்தைக்காக வளையாதா?

நம் தெருவையே பாருங்கள். ஒரு வீட்டில் எரிக்கிறார்கள். லிங்கம் கட்டிய வீட்டில் உட்கார வைத்துப் புதைக்கிறார்கள். பாய் வீட்டில் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோகிறார்கள், கிறிஸ்தவ வீட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு. ஆதிச்சநல்லூரில் தாழி தாழியாகத் தோண்டி எடுத்தார்களே, அவர்களும் நம் முன்னோர்கள்தான். எது சரி, எது தவறு என்று யார் சொல்ல முடியும்?

மலையில் வேறொன்றையும் பார்த்திருக்கிறேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் கல்லறைகள் ஏற்காட்டில் இன்றும் பெயரோடும் வருடத்தோடும் நிற்கின்றன. கடல் கடந்து வந்தவர்களுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. காட்டை வெட்டிச் செடி நட்ட குடும்பத்தில் பிறந்த என் அம்மாவுக்கு அந்த மண்ணில் ஆறடி கிடைக்கவில்லை. அம்மா கல்லும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

எல்லா ஆசையையும் அப்படியே நிறைவேற்றிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த பெரியவர் ஒருவர் தன் மாந்தோப்பிலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிராம ஊராட்சிகளின் மயானங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1999இல் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற அல்லது உரிமம் பெற்ற மயானத்தில்தான் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். புதிதாக உரிமம் கேட்டால், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சொந்த நிலம் என்பதால் மட்டும் தோண்டிவிட முடியாது. இதை முன்கூட்டியே அவரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால், முடியாது என்பதை அவரே தெரிந்துகொண்டு வேறொரு இடத்தைச் சொல்லியிருப்பார். பேசாமல் இருந்ததால், பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மகன்கள் இருவரும் ஒருவரையொருவர் அடிக்கப் போனார்கள். அம்மாவின் விஷயத்தில் அந்தச் சிக்கலும் இல்லை. அவர் கேட்டது ஊர் மயானத்தைத்தான்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் உடலைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பதிமூன்றாம் நாள் பீரோவைத் திறந்தபோதுதான் அந்தத் தாள் கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் பாடம் சொல்லிக் கொடுத்தவர் இறந்த பிறகும் மாணவர்களுக்குப் பயன்பட நினைத்தார். வீட்டில் யாரும் கேட்கவில்லை, யாரும் தேடவில்லை. கண் தானம் என்றால் அவசரம் இன்னும் அதிகம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சை வைத்துக் காத்திருக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது நினைவுக்கு வராது. அந்த நேரத்தில் நிதானத்தோடு இருப்பவர்கள் நீங்கள்தான்.

சொத்துக்கு எழுதும் உயிலுக்கு இருக்கிற வலு, உடலைப் பற்றி எழுதி வைக்கும் தாளுக்கு இல்லை. உடல் யாருடைய சொத்தும் இல்லை என்பதுதான் காரணம். வீட்டில் இருப்பவர்கள் மனது வைத்தால்தான் அந்தத் தாளுக்கு உயிர். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரவோடு இரவாக வேலங்காடு மயானத்தில் புதைத்தார்கள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம்தான் அவருடைய கடைசி ஆசை என்று அவருடைய மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார். அப்போது தொலைக்காட்சியைப் பார்த்து நீங்கள் எல்லோரும் கண் கலங்கினீர்கள். "பாவம், அந்த மனிதருடைய ஆசையைக்கூட நிறைவேற்ற விடவில்லையே" என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள்.

எங்கே புதைப்பது என்ற பேச்சில் சாதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆளுக்கொரு மயானம், ஆளுக்கொரு பாதை. சாதி பார்க்காமல் ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் சிற்றூர்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்க வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம். தன் நண்பர் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், நண்பர் என்ன சாதி என்றுதான் முதல் கேள்வி எழும். இதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த சாவு வீட்டுக்குள் நுழைந்ததும், போனை எடுப்பதற்கு முன்னால், "அவர் ஏதாவது சொல்லியிருந்தாரா?" என்று கேளுங்கள். நாற்காலியில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். உள்ளே போய் பெண்களிடம் கேளுங்கள். கூடவே இருந்து கஞ்சி ஊற்றியவர்களிடம், இரவில் கால் பிடித்துவிட்டவர்களிடம்தான் மனிதர்கள் இதைச் சொல்லி வைத்திருப்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடி கொண்டுவருகிறவர்களையும் ஓரமாக உட்கார வைத்துக் கேளுங்கள். அரை மணி நேரம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது, குளிர்பெட்டி இருக்கிறது.

இன்னும் ஒன்று. உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். மணிவிழாவுக்குப் போகிறீர்கள், பொங்கலுக்குப் போகிறீர்கள், உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போகிறீர்கள். உங்கள் வாயால் கேட்டால் யாரும் அச்சானியம் என்று சொல்ல மாட்டார்கள். என்னைப் போன்ற ஒரு மகள் கேட்டால் சொத்துக்காகக் கேட்கிறாள் என்பார்கள். முதலில் உங்கள் ஆசையை உங்கள் வீட்டில் சொல்லுங்கள். இத்தனை பேரை வழியனுப்பி வைத்த நீங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் இதுவரை ஒருவரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

நான் எழுதி வைத்துவிட்டேன். என்னை எரிக்கலாம், எனக்கு அதில் மனத்தடை இல்லை. கண்களை முதலில் கொடுத்துவிட வேண்டும். கொள்ளிக்குடத்தை என் மகள் எடுக்க வேண்டும், தெருமுனையோடு அவளை நிறுத்தக் கூடாது. மயானத்தில் வேலை செய்பவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். சாம்பலைப் பவானிக்குக் கொண்டுபோக வேண்டாம். மேலே, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, மாமா புதர் வெட்டி ஒதுக்கிய அந்த இடத்தில் குழி தோண்டி மூடிவிட வேண்டும். அம்மாவை அங்கே கொண்டுபோக என்னால் முடியவில்லை. அவனுக்கு நானாவது துணைக்கு இருக்கிறேன்.

இரண்டு பிரதிகள் எடுத்திருக்கிறேன். ஒன்று மலையில் மாமாவிடம் இருக்கிறது. இன்னொன்று எங்கள் ரேஷன் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. மகள் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உங்களில் யார் முதலில் வந்தாலும் அவள் அதை எடுத்துக் கொடுப்பாள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
கன்னங்குறிச்சி, சேலம்