இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக ஒரு சிப்பம் அரிசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, கிறிஸ்துமஸ், படுகர்களின் ஹெத்தை ஹப்பா, பொங்கல் என்று ஐப்பசியில் தொடங்கினால் தை வரை நீலகிரியில் பண்டிகை ஓய்வதில்லை. இந்த மாதங்களில் எஸ்டேட்டுகளும் ஓட்டல்களும் கடைக்காரர்களும் பள்ளிகளும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் இனிப்புப் பெட்டி, உலர்பழப் பெட்டி, கேக் ஆகியவற்றின் செலவில் ஒரு பங்கை இங்குள்ள முதியோர் இல்லங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் திருப்பிவிட முடியும். பரிசு பெறுபவர் மனம் கோணாமல், கொடுத்த காசு எங்கே போனது என்று கொடுத்தவருக்கும் தெரியும்படி அதைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. அதை எழுதவே இந்தக் கடிதம்.

கொடுக்கும் மனசுக்கு நம் மலையில் குறைவே இல்லை. கொடுப்பதெல்லாம் ஒரே வாரத்தில், ஒரே வகையில் வந்து குவிவதுதான் சிக்கல். தீபாவளியன்று ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். மதியச் சாப்பாட்டை மூன்று தரப்பினர் கொண்டுவந்திருப்பார்கள். மேடை நிறைய லட்டும் மைசூர்பாகும் இருக்கும். அங்கே இருப்பவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய். அன்று இரவு பணியாளர்கள் மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று அலைவார்கள். அதே இல்லத்தில் ஜனவரி நடுவில், ஊட்டி அருகே தலைக்குந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களில், வெந்நீர் போட கேஸ் இருக்கிறதா என்று கேட்க ஆள் இருக்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலை மழையில் தினக்கூலி வேலை நின்றுபோகும்போதும் இதே கதைதான்.

ஒரு இல்லத்துக்கு உண்மையில் என்ன தேவை என்பதைக் கணக்காகப் பார்த்துவிட்டால் கொடுப்பதும் தானாக மாறும். 30 முதியோர் இருக்கும் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்றால் தினம் 9 கிலோ, மாதம் 270 கிலோ. 25 கிலோ சிப்பத்தில் ஏறக்குறைய 11 சிப்பம். அவர்களில் 5 பேர் படுத்த படுக்கை என்றால், ஒருவருக்கு நாளைக்கு 3 டயப்பர் வீதம் மாதம் 450. பத்து அடங்கிய பாக்கெட்டில் 45. இந்த 45 பாக்கெட்டைப் பற்றி நன்கொடையாளர்கள் நினைப்பதே அபூர்வம். நினைப்பவர்களும் கடையில் கிடைக்கிற லார்ஜ் அளவை வாங்கிவந்துவிடுவார்கள். மெலிந்த உடம்புக்கு அது தொளதொளவென்று கசிந்து, படுக்கை நனைந்து, துவைக்கும் வேலை இரட்டிப்பாகும். அளவைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

ஆயா, சமையல்காரர், இரவுக் காவலர், டிரைவர் இவர்களின் சம்பளமும் உண்டு. ‘என் காசு சம்பளத்துக்குப் போகக் கூடாது’ என்று சொல்லிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பது அந்த ஆயாதான். அரிசிக்கு ஆள் கிடைக்கிறார்கள், ஆயாவுக்குக் கிடைப்பதில்லை. சம்பளத்துக்கென்றே கேட்டு வாங்கித் தருவதுதான் எங்கள் பார்வையில் மிகப் பெரிய தானம்.

இனி வழிக்கு வருவோம். நாங்கள் பரிந்துரைப்பது ஒரு நாள் ‘பரிசு அட்டைச் சந்தை’. ஊர் மண்டபத்திலோ சர்ச் ஹாலிலோ பள்ளியிலோ வைக்கலாம். ஒவ்வொரு தொண்டு அமைப்புக்கும் ஒரு மேஜை. மேஜையில் பொருள் எதுவும் இருக்காது, விலைப் பட்டியல் மட்டும் இருக்கும்: ஒரு நாள் பால் இவ்வளவு, ஒரு சிப்பம் அரிசி இவ்வளவு, ஆயாவின் ஒரு நாள் சம்பளம் இவ்வளவு. அண்ணனுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்க வந்தவர் அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கட்டிவிட்டு, ‘உங்கள் பெயரில் ஒரு சிப்பம் அரிசிக்குப் பணம் தரப்பட்டது’ என்று எழுதிய அட்டையை வாங்கிப்போய் அண்ணனிடம் கொடுப்பார். வெறுங்கையோடு போகச் சங்கடமாக இருந்தால் அட்டையோடு கால் கிலோ டீத்தூள் சேர்த்துக் கொடுக்கலாம்.

வேலையைப் பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்க. முதல்முறை எட்டு மேஜைக்கு மேல் வேண்டாம். கூட்டம் சிதறி, கடைசி மேஜைக்காரர்கள் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். தேர்ந்தெடுக்கும் அமைப்பை நேரில் போய்ப் பார்த்து, பதிவுச் சான்று, அமைப்பின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஒழுங்காக நடக்கும் இடத்தில் இவை கோப்பில் தயாராக இருக்கும். குழந்தைகள் காப்பகம் என்றால் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துக்கொள்ளலாம்.

விலைப் பட்டியலில் ஒவ்வொரு அமைப்பும் ஐந்து இனங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும். 100 ரூபாயில் ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகளும் வாங்குவதற்கு. 250, 500, 1,000 என்பதுபோல் ஏறி, 2,500-ல் ஒன்றோடு முடிக்கலாம். சிப்பம் 1,400 என்றால் அதை அப்படியே போடாமல் 1,500 என்று வைத்து, இறக்குகூலியும் வண்டி வாடகையும் சேர்த்த விலை என்று கீழே எழுதிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வரும் எந்த மூட்டைக்கும் அந்தச் செலவு உண்டு, அதை மறைத்தால் இல்லம்தான் கைக்காசு போட வேண்டிவரும்.

அட்டையின் வாசகத்தில் கவனம் தேவை. ‘வழங்கப்பட்டது’ என்று எழுதாமல் ‘இதற்காகப் பணம் தரப்பட்டது’ என்று எழுதுங்கள். காரணம், பால் அட்டை எல்லோருக்கும் பிடித்துவிடும். தேவை முப்பது நாள் பாலுக்கு இருக்க, எழுபது அட்டை விற்றுவிடும். மிச்சப் பணத்தை அமைப்பு என்ன செய்வது? ‘இந்தத் தேவை நிறைவடைந்தால் மீதி இதே இல்லத்தின் மற்ற செலவுக்குப் பயன்படும்’ என்ற ஒரு வரி அட்டையில் இருந்துவிட்டால் பின்னால் மனவருத்தம் வராது. அட்டையை இங்க்ஜெட்டில் அச்சடிக்காதீர்கள். நவம்பர், டிசம்பரில் குன்னூர், கோத்தகிரி மூடுபனி பட்டாலே மை ஊறிக் கரைந்துவிடும். லேமினேட் செய்தால் அதுவும் பிளாஸ்டிக். கெட்டியான தாளில் அச்சகத்தில் அடித்து, பெயரைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதே நல்லது.

பணம் வாங்குவதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தடுக்கி விழுகின்றன. எல்லா மேஜையின் பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, மாலையில் பங்கு பிரிக்கலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ஏற்பாட்டாளருக்கு ரசீது போடும் தகுதி இருக்காது, பங்கு பிரிப்பதில் பேச்சு வரும். ஒவ்வொரு மேஜையிலும் அந்தந்த அமைப்பின் ரசீதுப் புத்தகம், அந்தந்த அமைப்பின் க்யூஆர் அட்டை. ஒருவர் பேச, ஒருவர் ரசீது எழுத, இரண்டு பேர் போதும். தனிநபர் கைபேசி எண்ணுக்கு ஜி-பே வாங்குவது கூடாது, எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும். மண்டபத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பணம் போய் ‘பெண்டிங்’ என்று காட்டினால் பரிவர்த்தனை எண்ணை ரசீதின் அடிக்கட்டையில் குறித்துக்கொண்டு அட்டையைக் கொடுத்துவிடலாம். மறுமுறை அனுப்பச் சொல்லாதீர்கள், இரண்டும் ஏறிவிடும்.

80ஜி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வருமான வரிச்சலுகையைப் பற்றி மேஜைக்கு மேஜை கேட்பார்கள். அந்த அனுமதி பெற்ற அமைப்புக்குத் தந்தால்தான் சலுகை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை. அரிசியாக, கம்பளியாக, பொருளாகத் தந்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. ரசீது பணம் கட்டியவர் பெயரில், அவருடைய பான் எண்ணோடு இருக்க வேண்டும். அட்டையில் இருக்கும் அண்ணன் பெயரில் எழுதிவிட்டால் இருவருக்கும் பயனில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இப்போது படுகர் கிராமங்களான ஹட்டிகளில் ஹட்டிக்கு ஹட்டி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ்ப் பதிவுள்ள அமைப்புக்கு மட்டுமே, அதுவும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதன் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். உள்ளூர்க் கணக்கில் அப்படி ஒரு தொகை விழுந்தால் அந்த இல்லத்துக்குத்தான் தொல்லை.

பொருளாகத்தான் தருவோம் என்பவர்களுக்கும் சில வார்த்தை. கழிவு நூலில் நெய்த மலிவுச் சாம்பல் கம்பளி வேண்டாம். அதன் பஞ்சு உதிர்ந்து ஆஸ்துமா உள்ளவர்களை இருமவைக்கும், ஒருமுறை நனைந்தால் ஒரு வாரம் காயாது. வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் சட்டையே காய்வதில்லை, கம்பளி எப்படிக் காயும்? கனமான ஒன்றைவிட, எளிதில் துவைக்க முடிந்த, ஐந்தடிக்கு ஏழரையடி அளவில் லேசான இரண்டு போர்வைகள் மேல். பழைய துணி என்றால் துவைத்து, பித்தான் பார்த்து, ஆண், பெண், குழந்தை என்று பிரித்துக் கட்டிக் கொடுங்கள். பிரிக்காத மூட்டை இங்கே பத்து நாளில் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகிறது. வீட்டில் மிஞ்சிய மாத்திரை அட்டைகளைத் தயவுசெய்து தராதீர்கள். கோவையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருபவர்கள், 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதி) தேவை என்பதையும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கேரி பேக்கும் பர்லியாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளைத் தாண்ட அனுமதியில்லை என்பதையும் புறப்படும் முன்பே நினைவில் கொள்ளட்டும்.

கொடுக்கும்போது போட்டோ எடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். காப்பகக் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் வெளியிட்டதாகவே கொள்ள வேண்டும். சட்டம் இருக்கட்டும், கேக் துண்டுக்காகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

காசு இல்லாதவர்கள் ரத்தம் தரலாம். அதிலும் நாள் பிரித்துக்கொள்ளுங்கள். சிவப்பணுப் பை 35 முதல் 42 நாள் வரை, தட்டணு (பிளேட்லெட்) 5 நாள் மட்டுமே இருக்கும். தலைவர் பிறந்தநாள், பண்டிகை நாள் என்று ஒரே தேதியில் நாலு முகாம் நடத்தினால் பிற்பாடு தட்டுப்பாடுதான். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் தரலாம். கூடலூர், பந்தலூரில் ஆதிவாசி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் தேவை உண்டு.

பரிசு கையில் பிடிக்கும் பொருளாகவே இருக்க வேண்டும் என்றால், 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலைச் சால்வையோ மலைத்தேனோ வாங்கலாம். 1958 முதல் கோத்தகிரியில் இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம், 1990 முதல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஷ்வினி போன்ற அமைப்புகளை அறியாத புதுக் குடியேறிகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சந்தை முடிந்து முப்பது நாளுக்குள் ஒவ்வொரு அமைப்பும் ஒரு பக்கக் கணக்கை அதே மண்டபத்தின் பலகையில் ஒட்ட வேண்டும்: வந்த தொகை, வாங்கிய பொருள், பில் எண். ஒட்டாத அமைப்புக்கு அடுத்த ஆண்டு மேஜை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. பண்டிகைக் காலம் மட்டுமல்லாமல் பிப்ரவரியிலும் ஜூலையிலும் நீலகிரிப் பதிப்பில் கால் பக்கம் ஒதுக்கி, பதிவு பெற்ற இல்லங்களின் அந்த மாதத் தேவையை அளவோடும் எண்ணிக்கையோடும் வெளியிட வேண்டும். பட்டியலை நாங்கள் திரட்டித் தருகிறோம். பெண்கள் பாதுகாப்பு இல்லங்களின் முகவரியை மட்டும் அச்சிட வேண்டாம், அவர்களுக்கு வரும் உதவியை மாவட்டச் சமூகநல அலுவலகம் வழியாகச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
பண்டிகைக் கால நன்கொடைப் பணியில் உள்ள தன்னார்வலர்கள்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.