மரத்தில் எர்த் கிடைக்காது

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் மரப்படகின் பழைய ஹாரனைச் சரிசெய்வது பற்றிப் போனில் நீ சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. 'சிக்ஸ்' என்றாயா 'சிக்ஸ்டி' என்றாயா என்றுகூடப் பிடிபடவில்லை. 'எல்லாம் சரி, வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். காது மெஷின் பேச்சை உடனே எடுக்காதே, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவைத் தம்பி பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். நல்ல படகு. 1948இல் கட்டியது என்று அவன் சொன்னான், மரம் இன்னும் அப்படியே மின்னுகிறது. ஆனால் ஹாரன் அதைவிட மூத்தது மாதிரி தெரிகிறது. பழைய கார் ஹாரன் எதையோ யாரோ கழற்றிக்கொண்டு வந்து மாட்டியிருக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது இல்லையா? அது செத்துப்போகவில்லை. மோட்டார் சுற்றத்தான் பார்க்கிறது, எதுவோ பிடித்து நிறுத்துகிறது.

நம் கடையில் நீ உட்கார்ந்து அமுக்கி விளையாடிய லாரி ஹாரன் வேறு. அதில் காயிலும், கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற பாயிண்டும்தான். காயில் தகட்டை இழுக்கும், இழுத்ததும் பாயிண்ட் விலகி கரண்ட் அறுந்துபோகும், தகடு திரும்பி வரும், பாயிண்ட் மறுபடி சேரும். உன்னுடையது கிளாக்சன் வகை. உள்ளே ஒரு குட்டி மோட்டார், அதன் நுனியில் பல் வைத்த சக்கரம், தகட்டின் நடுவில் ஒரு குமிழ். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு பல்லும் குமிழைத் தட்டிக்கொண்டு போகும். மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்கச் சத்தம் ஏறும், பட்டனை விட்டால் இறங்கும். ஆ... ஊ... கா. பழைய படத்தில் கார் போகும்போது கேட்குமே, அதுதான்.

பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அடியையும் போட்டோ எடுத்துக்கொள். துருப்பிடித்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதே. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவை. மாப்பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, அவரை டீ போடச் சொல். உள்ளே இருக்கும் கிரீஸ் இத்தனை வருஷத்தில் காய்ந்து அரக்கு மாதிரி ஆகியிருக்கும். என் கணக்கில் பாதி வியாதி அதுதான். மீதி, சக்கரத்துக்கும் குமிழுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. பெரும்பாலும் மோட்டாருக்குப் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். சத்தம் குறைந்ததும் யாரோ அதை இறுக்கியிருப்பார்கள், மோட்டார் நின்றிருக்கும். தளர்த்திவிட்டுக் கால் சுற்று கால் சுற்றாக உள்ளே விடு. தளர்வாக இருந்தால் சும்மா விர்ரென்று சுற்றும், அதிகமாக இறுக்கினால் உறுமும். நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று தொண்டை திறக்கும். அங்கே லாக் நட்டைப் பூட்டு.

கம்யூட்டேட்டர், அதாவது மோட்டாரில் கார்பன் உரசுகிற செம்பு வளையம், கறுத்திருந்தால் மரத்துக்குத் தேய்க்கிற நைஸ் உப்புத்தாளால் துடை. இரும்புக்குத் தேய்க்கிற எமரித்தாள் வேண்டாம். அதன் தூள் செம்புப் பட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஷார்ட் ஆக்கும். உள்ளே துணி சுற்றிய வயர் இருந்தால் யோசிக்காமல் மாற்று, தொட்டாலே உதிரும். குழல் பித்தளை என்றால் உங்கம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற புளியே போதும். மேலே குரோம் முலாம் இருந்தால் புளிப்பானது எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதே.

இப்போது வயரிங். எனக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். லாரி வேலையில் நான்தான் ராஜா என்ற நினைப்பு. மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்கு ஹாரன் மாட்டக் கூப்பிட்டார்கள். பட்டனிலிருந்து ஒரே ஒரு வயர் இழுத்தேன், ஹாரனை மரத்தில் போல்ட் போட்டு முறுக்கினேன். சத்தம் வரவில்லை. கழற்றி இஞ்சின் மேல் வைத்தால் அலறுகிறது. திரும்ப மாட்டினால் ஊமை. மூன்று தடவை கழற்றி மாட்டினேன். மீன் பெட்டிமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, மரத்துல எர்த்து எங்கேர்ந்துடே வரும்?"

லாரியில் பாடி முழுக்க இரும்பு. போகிற கரண்ட் பாடி வழியே திரும்பிவிடும், அதுதான் எர்த். அதனால் ஒரு வயர் போதும். மரப்படகில் அது நடக்காது. போக ஒன்று, வர ஒன்று, இரண்டும் பேட்டரி வரைக்கும் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஏதாவது இரும்பில் கட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. வழி தவறிய கரண்ட் தண்ணீருக்குள் இருக்கிற உலோகத்தை அரித்துத் தின்றுவிடும்.

வயர் தடிமனைக் கணக்குப் போட்டே வாங்கு. ஹாரன் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று முதலில் மீட்டர் வைத்துப் பார். 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள். பேட்டரியிலிருந்து முன்பக்கம் போய்த் திரும்ப 10 மீட்டர் வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் வழியிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் பெரிதாகத் தெரியாது, 6 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 வோல்ட்டோடு நிற்கும். வெள்ளீயம் பூசிய வயராக வாங்கு, வெறும் செம்பு ஈரத்தில் பச்சை பிடிக்கும். முனைகளில் லக் என்கிற உலோக மூடியை வைத்து அழுத்திக் கவ்வவிடு, கிரிம்ப் என்பார்கள். ஆயுள் முழுக்க சால்டரிங் வைத்தவன் சொல்கிறேன், படகின் அதிர்வில் சால்டர் முடிகிற இடத்தில் வயர் ஒடியும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பழைய பட்டனில் முழுக் கரண்ட்டையும் விடாதே, நடுவில் ரிலே போடு, சின்னக் கரண்ட்டில் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது.

ஹாரன் 6 வோல்ட், படகை யாரோ 12க்கு மாற்றிவிட்டார்கள் என்று தம்பி சொன்னான். 12இல் நேராகக் கொடுத்தால் இரண்டு நாள் பிரமாதமாக அலறும், மூன்றாம் நாள் புகை வரும். மிச்ச 6 வோல்ட்டைத் தின்ன நடுவில் ரெசிஸ்டர் போடலாம் என்பார்கள். 10 ஆம்பியரில் அது 60 வாட் சூட்டைக் கக்கும், மரப்படகில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஹாரனுக்கென்று தனியாக ஒரு சின்ன சீல்டு 6 வோல்ட் பேட்டரி வை. ரிலேயும் 6 வோல்ட்டாகவே வாங்கு. மாதம் ஒரு தடவை வீட்டில் சார்ஜ் போட்டால் போதும்.

பெட்ரோல் இஞ்சின், மறந்துவிடாதே. மோட்டாரில் கார்பன் தீப்பொறி விடும், அதனால் ஹாரன் மேல்தளத்திலேயே இருக்கட்டும். ரிலேயும் இஞ்சின் பெட்டிக்குள் வேண்டாம். ஸ்டார்ட் பண்ணும் முன், பெட்ரோல் ஆவியை வெளியே தள்ளுகிற ஃபேனை, அதுதான் புளோயர், 4 நிமிஷமாவது ஓடவிடு.

இன்னொன்று. கப்பலில் இருந்து ரிட்டயரான என் சிநேகிதனிடம் கேட்டேன். நம் கடலில் ஒரு குறும் ஊது என்றால் 'வலப்பக்கம் திரும்புகிறேன்'. உங்கள் அமெரிக்க ஏரிகளில் 'உன்னை என் இடப்பக்கம் விட்டுப் போகப்போகிறேன்' என்று அர்த்தமாம், சம்மதமென்றால் எதிரில் வருகிறவரும் ஒரு ஊது ஊத வேண்டுமாம். குறும் ஊது ஒரு வினாடிதான். கிளாக்சன் அதற்குள் 'ஆ' சொல்லி முடிக்கவே கஷ்டப்படும். அதனால் கையில் பிடித்து அமுக்குகிற சாதா ஹாரன் ஒன்றையும் படகில் போட்டுவை. பழசு அழகுக்கு, அது ஆபத்துக்கு.

இந்த ஹாரனைக் கண்டுபிடித்தவர் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்று தம்பி தேடிச் சொன்னான். 1908 வாக்கில் அமெரிக்காவில் நியூவார்க் கம்பெனி ஒன்று அதை விற்க ஆரம்பித்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் விஷவாயு எச்சரிக்கைக்கும் இதையே அடித்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே அந்த மனிதர் கரண்ட்டில் வேலை செய்கிற காது மெஷினும் செய்திருக்கிறார். காது மெஷின் விற்கத்தான் ஹாரனால் ஊரைச் செவிடாக்கினார் என்று அந்தக் காலத்திலேயே கிண்டல் உண்டாம். உங்கம்மா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நாற்பது வருஷம் இடது காதுப் பக்கமே ஹாரனை வைத்து டெஸ்ட் பண்ணினேன். அப்போது யார் பஞ்சு வைத்தார்கள்? நீ வை.

அடுத்த மாதம் டாக்டரிடம் போவதாக உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், தேதி அவளிடம் கேட்டுக்கொள். அதுவரை போனில் பேசி என்னிடம் எதையும் விளக்காதே. ஹாரனை மாட்டி முடித்ததும் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் பட்டனை அமுக்கு. வலது காதில் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா