காக்காய்ப்பொன்னில் தீட்டிய படங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சிற்றோவியக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அக்பர் காலத்து ஹம்சநாமா என்ற கதைநூலுக்காகச் சுமார் 1,400 படங்கள் துணியில் தீட்டப்பட்டதையும், ஜம்மு மலைப்பகுதியின் பசோலி ஓவியர்கள் மரகதத்துக்குப் பதிலாக வண்டின் பச்சைச் சிறகோட்டை நறுக்கி ஒட்டியதையும் ஆசையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படங்களைப் பற்றி மட்டும். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

திருச்சிராப்பள்ளியை எப்படி விட்டீர்கள்? 19ஆம் நூற்றாண்டில் அங்கே மைக்காத் தகட்டில் சின்னஞ்சிறு படங்கள் எழுதினார்கள். காவிரி மணலில் மின்னுகிறதே, சிறுவயதில் காக்காய்ப்பொன் என்று பொறுக்கி விளையாடினோமே, அதே பொருள்தான். காகிதம் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும், மைக்கா உறிஞ்சாது. ஓவிய ஆசிரியராக இருந்தபோது நானே முயன்று பார்த்தேன். தூரிகையில் நீர் கூடினால் வண்ணம் நழுவி ஓடியது. குறைந்தால் திட்டுத் திட்டாக நின்றது. அதில் புருவமும் சேலைக் கரையும் எழுதியவர்களின் கையை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சில தொகுப்புகளில் ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். முகத்துக்கு இடம்விட்டு உடையும் உடலும் தீட்டிய மைக்காத் தகடுகள் தனியே இருக்கும். ஒன்றை எடுத்து மேலே வைத்தால் அதே முகம் சிப்பாயாகும். இன்னொன்றை வைத்தால் பால்காரியாகும். கண்ணாடி போன்ற அந்தப் பொருளின் இயல்பையே கலையாக்கிய யுக்தி இது. ஆங்கில அதிகாரிகளும் பயணிகளும் வாங்கிப் போனார்கள். பிறகு புகைப்படம் வந்தது, தொழில் படுத்தது.

தஞ்சாவூரிலும் மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) செடிகொடிகளையும் பறவை விலங்குகளையும் காகிதத்தில் நுணுக்கமாக வரையச் செய்தார். அவற்றில் ஒரு பகுதி இன்று லண்டனில் இருக்கிறது. திருச்சி மைக்காப் படங்கள் பலவும் அங்கேதான், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் நல்ல அச்சுப் படிகளையாவது வரவழைத்து, தஞ்சை, திருச்சி அருங்காட்சியகங்களில் நம் பிள்ளைகள் பார்க்கும்படி வைக்க வேண்டும். தாங்களும் ஒரு படத்தை வண்ணத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. யார் வீட்டுப் பரணிலாவது இப்படியொரு தகடு கிடைத்தால், தூசி போக ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள். வண்ணம் துணியோடு வந்துவிடும்.

– ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.