ஒரே அறை வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

இணையவழிக் கல்வி மையத்தின் இயக்குநர் அவர்களுக்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

முதுகலை, சமூகக் கொள்கையும் பயன்பாட்டுச் சமூக ஆய்வும், மூன்றாம் பருவம். பதிவெண்ணை இங்கே போடவில்லை. ‘முறைகேடு’ என்று தலைப்பிட்டு நீங்கள் வைத்திருக்கும் பட்டியலில் தேடினால் கிடைக்கும். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதிய நவம்பர் தேர்வன்று நடந்ததை நான்கு மின்னஞ்சல்களில் எழுதிவிட்டேன். நான்குக்கும் ஒரே பதில்தான், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை: கண்காணிப்பு மென்பொருளின் முடிவே இறுதியானது, அடுத்த பருவத்தில் கட்டணம் செலுத்தி மீண்டும் எழுதலாம். அதனால் ஐந்தாவதை நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேட்பது ஒன்றுதான். தேர்வு எழுதத் தனி அறை வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால், அப்படி ஓர் அறை இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்து எழுத மாவட்டத்துக்கு ஓர் இடம் கொடுங்கள்.

நான் இருப்பது கண்ணகி நகரில், இரண்டாவது மாடி. ஒரு அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு, பின்னால் குளியலறை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். தேர்வன்று கணவர் சவாரிக்குப் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கே பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்விட்டார். பரீட்சை முடிகிற வரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் வருமானம் போயிற்று, அது போகட்டும். அத்தையை எங்கே அனுப்புவது? எழுபத்திரண்டு வயது, மூட்டு வலி, சர்க்கரை வேறு. படி இறங்கினால் ஏற முடியாது. கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மேலே போர்வையைப் போர்த்தினேன். பரீட்சைக்கு முன்னால் மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வீர்கள் அல்லவா? காட்டினேன். பீரோ, சாமி படம், மடித்து வைத்த பாய், கட்டில். போர்வைக்குள் ஆள் இருப்பது உங்கள் மென்பொருளுக்குத் தெரியவில்லை.

ஆமாம், ஒளித்துவைத்தேன். இதை முறைகேடு என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பரீட்சை எழுதுவதற்காக ஒரு வயதான மனுஷியைத் துணி மூட்டை மாதிரி மூடிவைத்தேன்.

பத்தே முக்காலுக்கு முதல் எச்சரிக்கை. நடையில் யாரோ “தண்ணி வந்துடுச்சு” என்று கத்தினார்கள். எங்கள் பகுதியில் அது ஒருவர் கத்துவதோடு நிற்காது. குடங்கள் இடிபடும், கதவுகள் திறக்கும், குழாயடியில் ஒரு சின்னச் சண்டையாவது நடக்கும். இரண்டாவது எச்சரிக்கை, நான் திரையை விட்டுக் கண்ணை எடுத்ததற்கு. எங்கள் வீட்டுக் குடத்தையும் பிடித்துத் தரலாம் என்று எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். பதில் சொன்னால் குரல் பதிவாகும். தலையைத் திருப்பினேன், அது பதிவாகிவிட்டது. மூன்றாவது, பன்னிரண்டு ஐந்துக்கு. கை-வர்க்கச் சோதனை (chi-square) என்ற புள்ளியியல் கணக்கில் பாதியில் இருந்தேன். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார், முடிந்தவரை குனிந்தபடி. குனிந்தால் கேமராவில் தெரியாது என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது நபர் இருப்பதாக ஒரு வரி வந்தது, திரை மூடிக்கொண்டது. இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்தது.

ஒன்றை எந்த மின்னஞ்சலிலும் எழுதவில்லை, எனக்கே பிறகுதான் தெரிந்தது. எழுந்திருக்க வேண்டி வரக்கூடாது என்று அத்தை முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் காபியை வேண்டாம் என்றபோது, வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய தாளின் இரண்டாவது கேள்வி நினைவிருக்கிறதா? குடிசைப்பகுதிக் குடும்பம் என்பதற்கு ஐ.நா. வாழ்விட அமைப்பு தரும் வரையறையை விளக்குக. அதை நன்றாகவே எழுதினேன். நல்ல தண்ணீர், கழிப்பிடம், உறுதியான கட்டடம், குடியிருப்பு உரிமை, போதுமான இடம். போதுமான இடம் என்றால் ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் இல்லாமல் இருப்பது. எங்கள் அறையில் ஐந்து பேர். பத்து மதிப்பெண் கேள்வி. திருத்தப்படாமலே போயிற்று.

பகலில் நான் செய்யும் வேலையும் இதுதான். ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். மாதம் நூறு வீட்டுக்காவது போகிறேன். எத்தனை அறை என்று கேட்கும்போது ஜனங்கள் சிரிப்பார்கள். வாசலில் நின்றபடியே கையை ஒரு சுற்றுச் சுற்றி, “இதான் ஹால், இதான் பெட்ரூம், இதான் கிச்சன்” என்பார்கள். நான் கட்டத்தில் ‘1’ என்று போடுவேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறை என்பதற்கு ஓர் அளவே உண்டு, நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்: ஒரு ஆள் படுத்துத் தூங்க முடிய வேண்டும், நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த அளவை வைத்துக்கொண்டு 2011-ல் எண்ணியபோது, இந்தியாவில் நூற்றுக்கு 37 குடும்பங்கள் ஒரே அறையில் இருந்தன. தனக்கென்று ஓர் அறைகூட இல்லாதவை இன்னும் சுமார் 4. ஆக, பத்துக்கு நான்கு வீடு உங்கள் தேர்வு விதிக்கு வெளியே. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனதால் புதிய எண் என்னிடம் இல்லை. உங்களிடமும் இருக்காது, ஏனென்றால் நீங்கள் கேட்டதே இல்லை. சேர்க்கை விண்ணப்பத்தில் சாதி, வருமானம், தகப்பனார் தொழில், ரத்தப் பிரிவு எல்லாம் இருக்கிறது. வீட்டில் எத்தனை அறை என்ற கட்டம் இல்லை.

நான் கேட்டுப் பார்த்தேன், எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். ஒருவர் தொள்ளாயிரம் ரூபாய்க்கு லாட்ஜில் அறை எடுத்து எழுதியிருக்கிறார். ஒருவர் நண்பரின் காரை இரவல் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்த்து வழிய மடியில் வைத்து எழுதியிருக்கிறார். இன்னொருவருக்குத் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளி அறை கிடைத்தது, மணி அடித்ததில் ஓர் எச்சரிக்கை. இது கைக்கு எட்டியவர்களை மட்டும் கேட்ட ‘வசதி மாதிரி’ (convenience sample), இதை வைத்துப் பொதுமைப்படுத்தக் கூடாது என்பீர்கள். சரி. ஆராய்ச்சி முறையியல் தாளில் அதற்கு எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அப்படியானால் நீங்களே முறையாக ஒரு மாதிரி எடுத்துக் கேளுங்கள். பயன்பாட்டுச் சமூக ஆய்வு என்று பெயர் வைத்த துறைக்கு அது ஒரு வார வேலை.

காப்பி அடிப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு அறை உள்ளவர் மற்ற மூன்று அறைகளில் மூன்று பேராசிரியர்களை உட்கார வைத்தாலும் உங்கள் கேமரா காட்டப்போவது நான்காவது அறையை மட்டும்தானே? மாட்டிக்கொள்வது என்னவோ கட்டிலில் படுத்திருக்கும் அத்தைதான். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் படிப்பு கிடையாது. கை-வர்க்கச் சோதனையில் எனக்கு உதவியிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தரும் இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் தெளிவாக அறிவித்தது. உங்கள் விளம்பரத்தின் முதல் வரியும் அதுதான், அதை நம்பித்தான் சேர்ந்தேன். நேரடிக் கல்லூரியில் பெஞ்சும் மேசையும் மின்விசிறியும் கல்லூரி போடுகிறது. பரீட்சைக்கு வரும்போது அறையையும் கொண்டுவா என்று எந்தக் கல்லூரியும் சொன்னதில்லை. இங்கே கட்டணமும் நான் கட்ட வேண்டும், தேர்வறையும் நான் கட்ட வேண்டும்.

கொஞ்சம் பாடத்திட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1899-ல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ரவுண்ட்ரீ வறுமையை வீடு வீடாகக் கணக்கெடுத்தது மூன்று பாடம். 1942-ல் பிரிட்டனின் சமூகநல அறிக்கையில் பெவரிட்ஜ் சொன்ன ஐந்து அரக்கர்கள், அதாவது வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை, இரண்டு பாடம். படிக்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவுக்கு ஒரு பத்தி. கில்பர்ட் ஸ்லேட்டருக்கு அதுவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் வந்தவர். வந்ததும் மாணவர்களிடம், விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போகும்போது ஊரைக் கணக்கெடுத்து எழுதி வாருங்கள் என்றார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் என்று பல ஊர்களின் கதை அப்படித்தான் பதிவாயிற்று. இருவேல்பட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் இன்னமும் போய் வருகிறார்கள். மாணவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பதில்தான் அந்த ஆள் படிப்பையே தொடங்கினார். நூறு வருஷம் கழித்து என் வீட்டைக் கேமராவில் சுற்றிப் பார்த்த நீங்கள் அதிலிருந்து தெரிந்துகொண்டது, இரண்டாவது நபர் ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும்தான்.

எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். இந்த மாதிரி மென்பொருள் எழுதுகிறவர்கள் அங்கே எங்காவதுதான் இருப்பார்கள் என்று தோன்றும்போது இப்படிக் கோபம் வந்துவிடுகிறது. அவர்களைச் சொல்லி என்ன பயன்? தனி அறை என்று விதியில் எழுதியது மென்பொருள் இல்லை.

மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். முதலாவது, என் தாளின் மீதுள்ள ‘முறைகேடு’ என்ற குறிப்பை நீக்கி, கட்டணமில்லாமல் மறுபடி எழுத அனுமதியுங்கள். என்னைப் போலக் குறிக்கப்பட்ட மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இரண்டாவது, தனி அறை விதியை எடுங்கள், அல்லது தேர்வு மையம் கொடுங்கள். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகம் போதும். நாற்காலி ஆடினாலும் பரவாயில்லை. பேருந்துக் காசு நான் போட்டுக்கொள்கிறேன்.

மே மாதத் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. அதற்குள் பதில் வேண்டும். இந்த முறையாவது ஒரு மனிதர் படித்துவிட்டு எழுதிய பதிலாக இருந்தால் நல்லது.

சொல்ல மறந்துவிட்டேன். இப்போதெல்லாம் நான் மடிக்கணினியைத் திறந்தாலே அத்தை பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுகிறார். “வகுப்புதான் அத்தை, பரீட்சை இல்லை, உள்ளே வாங்க” என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “எதுக்கும் இருக்கட்டும்மா, நீ படி” என்கிறார். இதை எழுதும்போதும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
மூன்றாம் பருவ மாணவி,
கண்ணகி நகர், சென்னை